மருந்தா, நஞ்சா, புகையிலையா? மின்சிகரெட்டைத் தடுக்க மாநிலங்கள் கடன்வாங்கிய சட்டங்கள்

சற்று நீண்ட பதிவு. பொழுது வாய்க்கும்போது வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற மாதம் எங்கள் விடுதியில் முதலாண்டு மாணவர் ஒருவரின் மேசையிலிருந்து பேனா வடிவிலான மின்சிகரெட் ஒன்றை விடுதிக் காப்பாளர் எடுத்துச் சென்றார். அன்றிரவு அம்மாணவர் என் அறைக்கு வந்து, "அண்ணா, இதை வைத்திருந்ததற்காக என்னைச் சிறையில் அடைப்பார்களா?" என்று கேட்டார். பொதுச் சுகாதாரச் சட்டங்களின் வரலாற்றை ஆய்வுப் பொருளாகக் கொண்டவன் நான். ஆயினும் ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் அவருக்கு விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஏன் இயலவில்லை என்பதை விளக்கவே இப்பதிவு.

இந்தியாவில் மின்சிகரெட்டுக்கான தடை 2019ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டத்தோடு தொடங்கியதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மையில் அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே மாநிலங்கள் அத்தடையைத் தொடங்கிவிட்டன. ஆனால் அவை புதிய சட்டம் எதையும் இயற்றவில்லை. வேறு பொருள்களுக்காக, வேறு காலத்தில் எழுதப்பட்ட சட்டங்களைக் கடன்வாங்கின. அந்தக் கடனால் என்ன விளைந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

1. மாகாணங்களே முன்னோடிகள்

புகைப்பொருள் விற்பனையைச் சுகாதார நோக்கில் கட்டுப்படுத்தும் முயற்சி இந்தியாவில் மாகாணங்களிலிருந்தே எழுந்தது. 1918இல் பஞ்சாபும் 1919இல் வங்காளமும் சிறார் புகைபிடித்தல் சட்டங்களை இயற்றின. இங்கிலாந்தில் 1908இல் வந்த குழந்தைகள் சட்டத்தின் சாயல் அவற்றில் தெளிவாகத் தெரியும். 16 வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்றால் விற்றவருக்கு அபராதம். பொதுவிடத்தில் சிறுவன் புகைப்பதைக் கண்டால், அவன் கையிலிருப்பதைக் காவலர் பறித்து அழிக்கலாம். சட்டத்தின் தண்டனை விற்றவரை நோக்கியதேயன்றிச் சிறுவனை நோக்கியதன்று. இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கடைசியில் இதற்குத் திரும்புவோம்.

வங்காளச் சட்டம் வந்த அதே 1919இல் நடுவண் அரசின் நஞ்சுகள் சட்டமும் வந்தது. எந்தெந்தப் பொருள் நஞ்சு, அதை யார் எவ்வாறு விற்கலாம் என்பதை வரையறுக்கும் அதிகாரத்தை அது மாகாண அரசுகளிடம் ஒப்படைத்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு மின்சிகரெட்டுக்காக இச்சட்டமும் தூசிதட்டி எடுக்கப்படும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

பின்னர் 1943இல் புகையிலை மீது நடுவண் ஆயத்தீர்வை விதிக்கப்பட்டது. போர்க்காலச் செலவை ஈடுகட்ட வந்த அந்த வரி, போருக்குப் பின்னும் நிலைத்தது. அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்டபோது பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலின் 6ஆம் பதிவாக அமைந்தது. சுருங்கச் சொன்னால், புகையிலையின் முதன்மையான வரி வருவாய் ஒன்றியத்துக்கும், புகையிலையால் நோயுற்றவர்களைப் பேணும் பொறுப்பு மாநிலத்துக்கும் என்ற பிரிவினை அப்போதே ஏற்பட்டுவிட்டது. பிற்காலத்தில் மாநிலங்கள் ஏன் முந்திக்கொண்டன என்பதைப் புரிந்துகொள்ள இப்பிரிவினை உதவும்.

1975இல் நாடாளுமன்றம் இயற்றிய சிகரெட்டுகள் சட்டம், சிகரெட் பெட்டியின்மீது எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என்றது. பீடிக்கோ மெல்லும் புகையிலைக்கோ அது பொருந்தவில்லை. பொதுவிடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கும் சட்டங்களும் முதலில் மாநிலங்களிலேயே பிறந்தன. தில்லி 1996இலும் கோவா 1997இலும் தமிழ்நாடு 2002இலும் தத்தம் சட்டமன்றங்கள் வழியே சட்டம் கண்டன. கேரள உயர் நீதிமன்றம் 1999இலும் உச்ச நீதிமன்றம் 2001இலும் பொதுவிடப் புகைத்தலுக்கு எதிராக ஆணையிட்டன. இவற்றின் தொடர்ச்சியாகவே 2003இல் சிகரெட்டுகள் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம் வந்தது. 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்கலாகாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கெச தொலைவுக்குள் விற்கலாகாது என்னும் விதிகள் இச்சட்டத்தின் 6ஆம் பிரிவில் உள்ளவை.

அச்சட்டத்தின் அட்டவணையில் சிகரெட், சுருட்டு, பீடி, ஹூக்கா புகையிலை, மூக்குப்பொடி, குட்கா எனப் பொருள்கள் வரிசையாகப் பெயர்சுட்டப்பட்டுள்ளன. மின்சிகரெட் அதில் இல்லை, இருக்கவும் வழியில்லை. சீன மருந்தாளுநர் ஹான் லிக் தற்கால மின்சிகரெட்டை உருவாக்கியதும் அதே 2003ஆம் ஆண்டை ஒட்டித்தான். சட்டமும் அது கைக்கொள்ள வேண்டியிருந்த பொருளும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒன்றையொன்று அறியாமல் பிறந்தன.

2. குட்கா கற்பித்த பாடம்

மின்சிகரெட் வருவதற்கு முன்னரே, கடன்வாங்கிய சட்டத்தால் ஒரு பொருளைத் தடைசெய்ய முயன்ற பட்டறிவு மாநிலங்களுக்கு இருந்தது. 2001 நவம்பரில் தமிழ்நாடும், 2002இல் மகாராஷ்டிரமும், அவற்றைப்போல வேறு சில மாநிலங்களும் குட்காவைத் தடைசெய்தன. அவை பயன்படுத்தியது 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம். மாநிலத்தின் உணவுச் சுகாதார அதிகாரி பிறப்பிக்கும் ஓர் அறிவிக்கையே தடைக்குப் போதும் என்பது அன்றைய எண்ணம்.

2004இல் கோதாவத் பான் மசாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கைகளைச் செல்லாதவை என்றது. மாநில அதிகாரிக்குள்ள அதிகாரம் உள்ளூரில் எழும் அவசரநிலையைச் சமாளிப்பதற்கான தற்காலிக அதிகாரம் மட்டுமே. ஒரு பொருளை நாடறிய ஆண்டுக்கணக்கில் தடைசெய்வது கொள்கை முடிவு. அது வேறிடத்தில் எடுக்கப்பட வேண்டியது என்பதே தீர்ப்பின் சாரம். குட்கா தீங்கற்றது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தடுக்க வேண்டியவர் யார், எந்த அதிகாரத்தால் என்பதே வினாவாக இருந்தது.

பிறகு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், எந்த உணவிலும் புகையிலையோ நிகோட்டினோ சேர்க்கலாகாது என்னும் விதி 2011இல் வந்தது. அதைப் பற்றிக்கொண்டு 2012 ஏப்ரலில் மத்தியப் பிரதேசம் குட்காவைத் தடைசெய்ய, பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. ஆனால் பழைய வினா அதோடு ஓயவில்லை. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டுவந்த தமிழ்நாட்டின் குட்காத் தடை அறிவிக்கையை, ஆணையருக்கு அத்தகைய அதிகாரம் இல்லை என்று கூறி நீக்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. முதல் தடைக்கும் இவ்வழக்குக்கும் இடையே இருபதாண்டுகளுக்கு மேல் கடந்திருந்தும் வாதம் அதே இடத்திலேயே நின்றது.

3. மொஹாலியில் ஒரு தண்டனை

இந்தப் பின்னணியில்தான் மின்சிகரெட் இந்தியச் சந்தைக்குள் வந்தது. பெருநகர வணிக வளாகங்களிலும் இணையக் கடைகளிலும் அது விற்கப்பட்டது. சிகரெட்டை விட்டொழிக்க உதவும் கருவி என்றும், சாம்பலும் நாற்றமும் அற்ற நாகரிகப் பொருள் என்றும் ஒரே பொருள் இருவேறு முகங்களுடன் விளம்பரம் பெற்றது.

முதலில் செயல்பட்டது பஞ்சாப். 2013இல் அம்மாநில மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம் மின்சிகரெட்டை அங்கீகாரம் பெறாத மருந்து என அறிவித்தது. தருக்கம் எளிமையானது. நிகோட்டின், 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்தின்கீழ், புகைப்பழக்கத்தை விடுவதற்கான சூயிங்கம் போன்ற சில வடிவங்களில் மட்டுமே அங்கீகரிக்கப்பட்டுள்ளது. ஆவியாக இழுக்கும் வடிவத்துக்கு அங்கீகாரம் இல்லை. ஆகவே அதை விற்பவர் உரிமமின்றி மருந்து விற்பவராவார்.

2016 ஏப்ரலில் மொஹாலி அமர்வு நீதிமன்றம் மின்சிகரெட் விற்ற ஒருவருக்கு இச்சட்டப்படி மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. நாட்டில் இவ்வகையில் முதல் தண்டனை இதுவே என அன்றைய செய்தித்தாள்கள் எழுதின. இச்செய்தியை முதன்முறை படித்தபோது தண்டனையின் அளவைக் கண்டு சற்றே திகைத்தேன். போலி மருந்துகளும் உரிமமற்ற மருந்துகளும் நோயாளியின் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால் 2008இல் அச்சட்டத்தின் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அந்தக் கடுமைதான் மொஹாலியின் கடைக்காரர்மீது இறங்கியது. மின்சிகரெட் விற்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று எந்த மன்றமும் விவாதித்து முடிவெடுத்த தண்டனையன்று அது. மருந்துச் சட்டத்தைக் கடன்வாங்கியபோது அதனுடன் சேர்ந்து வந்த தண்டனை.

4. நான்கு பெயர்கள்

பஞ்சாபைத் தொடர்ந்து 2016 ஜூனில் கர்நாடகம் தடையை அறிவித்தது. அதே ஆண்டில் கேரளமும், பின்னர் பீகார், தமிழ்நாடு, ராஜஸ்தான் முதலியவையும் வரிசையில் சேர்ந்தன. தமிழ்நாட்டின் அரசாணை 2018 செப்டம்பரில் வந்தது. ராஜஸ்தானின் அறிவிப்பு 2019 மே இறுதியில், உலகப் புகையிலை ஒழிப்பு நாளையொட்டி வந்தது. 2019 செப்டம்பருக்குள் பதினைந்து மாநிலங்களுக்குக் குறையாமல் தடை நடைமுறைக்கு வந்திருந்தது.

இந்த ஆணைகளை அருகருகே வைத்துப் படித்தால் ஒரு செய்தி புலப்படும். பொருள் ஒன்றுதான், அதற்குச் சட்டம் சூட்ட முயன்ற பெயர்கள் பல.

முதலாவது, மருந்து. இதற்கு மருந்துச் சட்டம் துணை. மாநிலங்கள் மிகுதியாக நாடியது இதையே.

இரண்டாவது, நஞ்சு. அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் 19ஆம் பதிவு மருந்துகளையும் நஞ்சுகளையும் சேர்த்தே சொல்கிறது. 1919ஆம் ஆண்டின் நஞ்சுகள் சட்டப்படி நிகோட்டினை நஞ்செனச் சில மாநிலங்கள் அறிவித்தன. இதோடு இன்னொரு வாதமும் இணைந்தது. நிகோட்டின் சல்பேட் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்ட அட்டவணையில் உள்ளது. உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு அது தடைசெய்யப்பட்டு, ஏற்றுமதிக்கான உற்பத்திக்கு மட்டுமே இசைவு உள்ளது. வயலில் பூச்சிக்கு அடிக்கவே கூடாத பொருளை மனிதர் நுரையீரலுக்குள் இழுக்கலாமா என்ற கேள்வி மக்கள் மனத்தில் தைக்கக்கூடியது. ஆனால் சிகரெட்டிலும் பீடியிலும் இருப்பது அதே நிகோட்டின் என்பதை இவ்வாதம் சொல்லாமல் விட்டது.

மூன்றாவது, உணவு. குட்காவுக்குக் கைகொடுத்த உணவுப் பாதுகாப்பு விதியை இதற்கும் நீட்டலாமா என்று எண்ணிப் பார்க்கப்பட்டது. ஆவியை உணவென்று கூறுவது சொல்லுக்கு வலிந்து பொருள்கொள்வதாகவே முடியும்.

நான்காவது, புகையிலை. கேட்டவுடன் இதுவே இயல்பானதாகத் தோன்றும். ஆயினும் 2003ஆம் ஆண்டுச் சட்ட அட்டவணையில் இப்பொருள் இல்லை. சில திரவங்களில் நிகோட்டின்கூட இல்லை. வாசனையும் இனிப்பும் கலந்த ஆவி மட்டுமே. இன்னொரு சிக்கலும் உண்டு. புகையிலைப் பொருள் என்று ஏற்றுக்கொண்டால், சிகரெட்டைப் போலவே அதையும் எச்சரிக்கையுடன், வயதுவரம்புடன் விற்க இடமளித்தாக வேண்டும். மாநிலங்கள் விரும்பியது கட்டுப்பாட்டை அன்று, தடையை.

இங்கே ஓர் ஒப்பீடு தேவை. ஏறத்தாழ இதே ஆண்டுகளில் ஹூக்கா விடுதிகளைத் தடைசெய்யச் சில மாநிலங்கள் வேறு வழியில் சென்றன. குஜராத் 2017இலும் மகாராஷ்டிரமும் பஞ்சாபும் 2018இலும், 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாநிலத் திருத்தம் கொண்டுவந்தன. மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் 2017 டிசம்பரில் நிகழ்ந்த தீவிபத்து மகாராஷ்டிரத்தின் முடிவை விரைவுபடுத்தியது. அம்மசோதாக்கள் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டன. குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றன. வழி நீண்டதுதான், ஆனால் சட்டத்தின் நோக்கம், குற்றத்தின் வரையறை, தண்டனையின் அளவு ஆகிய மூன்றும் அந்தப் பொருளுக்கெனவே எழுதப்பட்டன. மின்சிகரெட் விவகாரத்தில் மாநிலங்கள் அவ்வழியே செல்லவில்லை. அரசாணையும் சுற்றறிக்கையுமே தடைக்குக் கருவிகளாயின.

அதற்காக அம்மாநிலங்களைக் குறைகூறுவது எளிது, அது நேர்மையாகாது. பள்ளி மாணவர் கையில் பழச்சுவை ஆவிக்கருவி புழங்கத் தொடங்கியதைக் கண்ட சுகாதார அலுவலர், மசோதா வரைந்து, அவையில் வைத்து, தில்லிக்கு அனுப்பி, ஒப்புதல் வரும்வரை காத்திருக்க விரும்பியிருக்க மாட்டார். கையருகே இருந்த சட்டத்தை எடுத்தார். அந்தப் பதற்றம் மெய்யானது. ஆயினும் கடன்வாங்கியதை ஒருநாள் திருப்பிக் கேட்பார்கள் என்பதைக் குட்கா வழக்கு முன்பே காட்டியிருந்தது.

5. தில்லியில் எழுந்த வினா

2018 ஆகஸ்ட் 28 அன்று ஒன்றியச் சுகாதார அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் ஓர் அறிவுரையை அனுப்பியது. மருந்துச் சட்டம் அனுமதிக்கும் வகையிலன்றி மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எதுவும் நடைபெறாதபடி பார்த்துக்கொள்ளுமாறு அது கேட்டுக்கொண்டது. அறிவுரை என்பது ஆணையன்று. பின்னர் 2019 பிப்ரவரியில் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் மாநில அலுவலர்களுக்கு மேலும் அழுத்தமான சுற்றறிக்கை விடுத்தது.

வணிகர்கள் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினர். 2019 மார்ச் 18 அன்று நீதிமன்றம் அச்சுற்றறிக்கையை இடைக்காலமாக நிறுத்திவைத்தது. நோயைக் கண்டறியவோ, தீர்க்கவோ, தணிக்கவோ, தடுக்கவோ பயன்படுவது என்ற நோக்கமே ஒரு பொருளை மருந்தாக்குகிறது; நோய் தீர்க்கும் பொருளாக விற்கப்படாத ஒன்று, முதல்நோக்கில், மருந்து என்ற வரையறைக்குள் வரவில்லை என்பது நீதிமன்றத்தின் கருத்து.

இவ்விடத்தில் சட்டத்தின் ஒரு விசித்திரம் வெளிப்பட்டது. புகைப்பழக்கத்தை விட உதவும் என்று சொல்லி விற்றால் அது மருந்து, உரிமம் வேண்டும். வெறும் இன்பத்துக்கானது என்று சொல்லி விற்றால் அது மருந்தன்று. மருந்துச் சட்டம் தொடாது. அதாவது, நலம் பயக்கும் என்று உரிமை கோருபவர் பிடிபடுவார். எந்த நலமும் கோராதவர் தப்புவார். மாநிலங்கள் ஆறாண்டுகளாக ஊன்றி நின்ற தூண் இதனால் ஆட்டம்கண்டது. மொஹாலித் தண்டனை எந்த வரையறையின்மீது நின்றதோ அதே வரையறையே கேள்விக்குள்ளானது. மூன்றாண்டுச் சிறை என்று ஒரு மனிதருக்குத் தீர்ப்பளிக்கப்பட்ட பிறகு அந்த வினா எழுந்ததுதான் இவ்வரலாற்றில் என்னை மிகவும் உறுத்தும் பகுதி.

6. அவசரச் சட்டம்

2019 மே இறுதியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை முழுத்தடையைப் பரிந்துரைத்தது. செப்டம்பர் 18 அன்று ஒன்றிய அமைச்சரவை அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் செய்தியாளரிடம் அதை அறிவித்தார். 400க்கும் மேற்பட்ட வணிகப் பெயர்களில், 150க்கும் மேற்பட்ட சுவைகளில் இப்பொருள் புழங்குகிறது என்றும், அவற்றுள் ஒன்றுகூட இந்தியாவில் உற்பத்தியாவதில்லை என்றும் அன்று சொல்லப்பட்டது. நவம்பர் 27 அன்று மக்களவையும் டிசம்பர் 2 அன்று மாநிலங்களவையும் மசோதாவை நிறைவேற்றின. டிசம்பர் 5 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதலளித்தார். 2019ஆம் ஆண்டின் 42ஆம் சட்டம் அதுவே.

மாநிலங்களைத் திணறவைத்த வினாவுக்கு அச்சட்டம் அளித்த விடை கூர்ந்து நோக்கத்தக்கது. மருந்தா, நஞ்சா, புகையிலையா என்ற வினாவுக்குள் அது நுழையவே இல்லை. நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி, உள்ளிழுப்பதற்கான ஆவியை உண்டாக்கும் மின்னணுக் கருவி எதுவோ அதுவே மின்சிகரெட் என்றது. எப்பெயரால் அழைக்கப்பட்டாலும், எவ்வடிவில் இருந்தாலும் அது பொருந்தும். மருந்துச் சட்டப்படி உரிமம் பெற்றவை மட்டும் விலக்கு. உள்ளிருக்கும் சரக்கை வைத்து வரையறுப்பதைக் கைவிட்டு, கருவியை வைத்து வரையறுத்ததே அதன் புதுமை.

அதிகார வினாவுக்கும் அது விடை தேடியது. இத்தொழிலை ஒன்றியத்தின் கட்டுப்பாட்டில் கொள்வது பொதுநலன் கருதி உகந்தது என்று 2ஆம் பிரிவு அறிவிக்கிறது. இது ஒன்றியப் பட்டியலின் 52ஆம் பதிவை நோக்கிய சொற்றொடர். தொழிலைக் கட்டுப்பாட்டில் கொண்டுவருவதாக அறிவித்து, அடுத்த பிரிவுகளிலேயே அத்தொழிலை முற்றாகத் தடைசெய்யும் சட்டம் இது. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும். சரக்கைச் சேமித்துவைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

மொஹாலியுடன் இதை ஒப்பிடுங்கள். கடன்வாங்கிய சட்டத்தின்கீழ் முதல் குற்றத்துக்கே மூன்றாண்டு. இப்பொருளுக்கெனவே எழுதப்பட்ட சட்டத்தின்கீழ் முதல் குற்றத்துக்கு உச்சவரம்பே ஓராண்டு. ஒரு பொருளைப் பற்றி மன்றம் அமர்ந்து பேசி முடிவெடுப்பதற்கும், வேறொன்றுக்காக எழுதப்பட்டதைக் கொண்டு தண்டிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதில் அடங்கியிருக்கிறது.

7. கேட்கப்படாமல் போனவை

அவையில் மசோதா வந்தபோது உறுப்பினர் பலரும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. மின்சிகரெட்டைத் தடைசெய்யும் அரசு சிகரெட்டை ஏன் விட்டுவைக்கிறது? 2016–17ஆம் ஆண்டின் உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 26.7 கோடிப் பேர், அதாவது வயதுவந்தோரில் 28.6 விழுக்காட்டினர், ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். மின்சிகரெட் பயன்படுத்தியவர் 0.02 விழுக்காடு. தடை அறிவிக்கப்பட்ட நாளில் சிகரெட் நிறுவனங்களின் பங்குவிலை உயர்ந்ததும், நாட்டின் மிகப்பெரிய சிகரெட் நிறுவனத்தில் அரசுசார் நிறுவனங்களுக்குக் கால்பங்குக்கு மேல் உடைமை இருப்பதும் அன்று பலராலும் சுட்டப்பட்டன.

அரசுத்தரப்பின் மறுமொழியிலும் பொருள் உண்டு. இலட்சக்கணக்கான உழவரும் பீடித் தொழிலாளரும் சார்ந்திருக்கும் ஒரு பொருளைத் தடைசெய்வது அரிது. வேரூன்றாத ஒன்றை வேரூன்றுமுன் தடுப்பது எளிது. 0.02 விழுக்காடு என்ற எண்ணை இருதரப்பும் தத்தமக்குச் சான்றாகக் காட்டலாம். இவ்வளவு சிறியதற்கு இவ்வளவு பெரிய சட்டமா என்று ஒருவர் கேட்கலாம். சிறியதாக இருக்கும்போதே தடுத்தோம் என்று மற்றவர் சொல்லலாம். வயதுவரம்பிட்ட விற்பனை, சுவைகளுக்கு மட்டும் தடை, மருத்துவர் சீட்டின்பேரில் விற்பனை என இடைவழிகள் பல இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து எடைபோட்டிருக்க வேண்டிய இடம் மாநிலச் சட்டமன்றங்கள். பஞ்சாபின் நிலைமை வேறு, மிசோரமின் நிலைமை வேறு. ஆறாண்டுக்கால அவகாசத்தில் ஓரிரு சட்டமன்றங்களாவது இவற்றை விரிவாக விவாதித்து, வெவ்வேறு சட்டங்களை இயற்றிப் பார்த்திருந்தால், 2019இல் நாடாளுமன்றத்தின்முன் பட்டறிவு இருந்திருக்கும். இருந்தவையோ பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய ஆணைகள்.

பொதுச் சுகாதாரத்தில் மாநிலங்கள் முன்னோடிகள் என்னும் பெருமை 1918இலிருந்து 2002 வரை உண்மையாக இருந்தது. மின்சிகரெட்டிலும் அவை முந்தின. ஆயினும் முந்தியவர்கள் அலுவலர்கள், அவைகள் அல்லர். அதன் இழப்பைச் சட்டநூலாரைவிட வரலாற்று மாணவர்கள் நன்குணர்வர். சட்டமன்ற விவாதம் நடந்திருந்தால் எதிர்த்தவர் யார், அஞ்சியது எதற்கு, விட்டுக்கொடுத்தது எதை என்பதெல்லாம் அவைக்குறிப்பில் நிலைத்திருக்கும். அரசாணை முடிவை மட்டுமே சொல்லும். முடிவுக்கு வந்த வழியைச் சொல்லாது.

8. மாணவருக்குச் சொன்ன விடை

விடுதி மாணவரின் வினாவுக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டம் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, வினியோகம், விளம்பரம், சரக்கைச் சேமித்தல் ஆகியவற்றைக் குற்றமாக்குகிறது. பயன்படுத்துபவரைத் தண்டிப்பதற்கென ஒரு பிரிவும் அதில் இல்லை. ஆனால் 2023இல், எவ்வடிவில், எவ்வளவு வைத்திருந்தாலும் அது சட்டமீறலே என்று சுகாதார அமைச்சகம் விளக்கமளித்தது. சட்ட வாசகம் ஒன்றைச் சொல்ல, அமைச்சக விளக்கம் அதைக் கடந்து செல்கிறது. மீண்டும் அதே பழைய இடைவெளி. அவை எழுதிய சொல்லுக்கும் அலுவலகம் எழுதும் விளக்கத்துக்கும் இடையே ஒரு பதினெட்டு வயது இளைஞர் நின்றுகொண்டிருக்கிறார்.

இதை அவரிடம் விளக்கினேன். நிகோட்டின் இளம் மூளையைப் பற்றிக்கொள்ளும் இயல்பையும், அதிலிருந்து மீள்வது எவ்வளவு கடினம் என்பதையும் சொன்னேன். விட விரும்பினால் மருத்துவரிடம் உடன்வருவதாகவும் சொன்னேன். பிறகு, "யாரிடம் வாங்கினாய்?" என்று கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. வங்காளத்தின் 1919ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டதும் அந்தக் கேள்வியைத்தான். விற்றவர் யார் என்று தேடாமல், கையில் வைத்திருந்த மாணவரோடு நாம் நின்றுவிட்டால், நூறாண்டுகளுக்கு முந்தைய மாகாணச் சட்டத்தைவிடவும் நாம் பின்தங்கியவர்களாவோம்.

2013 முதல் 2019 வரை எந்த மாநிலத்திலேனும் மின்சிகரெட் குறித்துச் சட்டமன்றத்தில் விரிவான விவாதம் நடந்திருந்து, அதன் அவைக்குறிப்பு தங்களிடம் இருந்தால் அன்புகூர்ந்து பகிருங்கள். மேலே நான் கூறிய முடிவைத் திருத்திக்கொள்ள நேர்ந்தால் மகிழ்வேன்.